இரவல் கையெழுத்து

மனை 2,500 சதுர அடிக்குள், வீடு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் என்றால் சுயசான்றின் பேரில் இணையத்திலேயே உடனடி அனுமதி. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த இத்திட்டம் வீடு கட்டுவோரின் அலைச்சலைக் குறைத்திருக்கிறது, வரவேற்கிறோம். ஆனால் இந்த வீடுகளுக்கு முன்கூட்டிய கள ஆய்வு இல்லை, பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. உள்ளாட்சிப் பொறியாளர் விலகிக்கொண்டார். இனி சைட்டைப் பார்க்க வேண்டியவர் உரிமையாளர் அமர்த்தும் பொறியாளர்தான். அவர் பார்க்கிறாரா?

பல ஊர்களில் இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பிளான் வரைவது ஒருவர், கட்டுவது மேஸ்திரி, கையெழுத்து மட்டும் பதிவு பெற்ற பொறியாளருடையது. மனை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் ஸ்டெபிலிட்டி சான்றில் முத்திரை குத்துபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். லைசென்ஸ் வாங்கப் பட்டமும் அனுபவச் சான்றும் காட்டி உழைத்தவர்களே அதைச் சிறு தொகைக்கு இரவல் தருவது நெஞ்சைச் சுடுகிறது.

வழக்கறிஞருக்கு 1961-லும் கட்டடக்கலைஞருக்கு 1972-லும் தொழிலை ஒழுங்குபடுத்தும் மத்திய சட்டம் வந்துவிட்டது. பொறியாளருக்கு இன்னும் வரவில்லை. இலங்கைகூட 2017-ல் பொறியியல் பேரவைச் சட்டத்தை நிறைவேற்றிப் பதிவைக் கட்டாயமாக்கியது. இங்கே நம் கையில் இருப்பது 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று ஒவ்வொருவரையும் அவை தனித்தனியே பதிவு செய்யச் சொல்கின்றன. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதை நினைப்பவர்களுக்கு இந்தப் பிரிப்பின் தேவை புரியும். மண்ணைச் சோதித்தவர் யார், தூணின் சுமையைக் கணக்கிட்டவர் யார், கான்கிரீட் போடும்போது நின்றவர் யார் என்று கேட்டால் பெயர் சொல்ல ஆள் வேண்டும்.

ஆகவே நம் பொறியாளர் சங்க உறுப்பினர்களிடம் நாம் கேட்பது இது. அஸ்திவாரக் குழி தோண்டியதும் ஒருமுறை, ஒவ்வொரு தளத்துக்கும் கம்பி கட்டி முடிந்து கான்கிரீட் போடுமுன் ஒருமுறை சைட்டுக்குப் போங்கள். கவர் பிளாக், கம்பி லேப், ஸ்டிரப் இடைவெளி ஆகியவற்றைப் பார்த்துத் தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதி, புகைப்படம் எடுத்து வையுங்கள். உரிமையாளர் உங்களை நிறுத்திவிட்டாலோ, உங்கள் டிராயிங்கை மீறி மாடி ஏற்றினாலோ, அனுமதி தந்த அமைப்புக்கு அன்றே கடிதம் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வழக்கு வந்தால் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

லைசென்ஸ் புதுப்பித்தலும் கட்டணம் கட்டுவதோடு முடியக் கூடாது. 2002-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 சென்னையை நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றியது. அதற்கேற்ப பீம்-தூண் இணைப்பில் கம்பி விவரம் தரத் தெரியுமா என்பதைப் புதுப்பிக்கும்போதாவது கேட்க வேண்டும். பயிற்சி நேரத்தைப் புதுப்பித்தலுக்கு நிபந்தனையாக்கும்படி அரசைக் கேட்போம்.

இவ்வளவும் செய்ய நேரமும் செலவும் ஆகும். பிளான் கட்டணத்திலேயே மேற்பார்வையையும் சேர்த்துப் பேசுவதால்தான் சைட் விசிட் முதலில் வெட்டுப்படுகிறது. மேற்பார்வைக்குத் தனிக் கட்டணம், தனி ஒப்பந்தம் என்பதை ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் தன் அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்யட்டும். அந்தக் கட்டணத்தின் குறைந்தபட்சத் தொகையை எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.