எம்பி4 அப்புறம், ஐஎஸ்ஓ முதலில்

2005, 2006 வாக்கில் கல்யாணம் நடந்த வீட்டில் பீரோவைத் திறந்தால், ஆல்பத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். மேலே ரோஜாப்பூவுக்குள் மணமக்கள் முகம், கீழே ஸ்டுடியோ பெயர், போன் நம்பர். உள்ளே இரண்டு டிவிடி. இன்னும் கொஞ்சம் பழைய கல்யாணம் என்றால் மூன்று நான்கு விசிடி. அதைப் போட்டுப் பார்த்த பிளேயர் எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. புது லேப்டாப்பில் தட்டு போடும் இடமே கிடையாது.

"அதுக்கென்ன, கடையில கொடுத்தா எம்பி4 ஆக்கித் தந்துடுவாங்க" என்பது வழக்கமான பதில். பாதி சரி. மீதிப் பாதியில்தான் வில்லங்கம்.

கல்யாண வீடியோவில் தாலி கட்டும் காட்சியைவிட பந்திக் காட்சிக்குத்தான் பிற்பாடு மதிப்பு. (மறுப்பவர்கள் இருபது வருஷத்துக்கு முந்தைய வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம்.) கேமராக்காரர் லைட் பிடிக்கும் பையனோடு இலை வரிசை முழுக்க நடந்து போவார். சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து, வெட்கப்பட்டு, மறுபடி இலைக்குக் குனிவார்கள். போட்டோவுக்கு என்றைக்கும் நிற்காத தாத்தா அதில் மூன்று விநாடி இருப்பார், ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டு. அவர் அசைகிற ஒரே பதிவு அதுவாக இருக்கலாம். என்ன சொன்னார் என்பது கேட்காது, மேலே சினிமாப் பாட்டு ஓடும். அது ஸ்டுடியோக்காரர்கள் கட்டிக்கொண்ட தனிப் பாவம். கேமராவில் இருந்த டேப் பெரும்பாலும் அடுத்த முகூர்த்தத்துக்கே போயிருக்கும். ஆக வீட்டில் இருக்கிற தட்டுதான் ஒரிஜினல். வேறு கிடையாது.

அந்த ஒரிஜினலை அவசரமாக எம்பி4 ஆக்கினால் என்ன ஆகும்? 4 ஜிபி வீடியோவை 700 எம்பிக்கு நசுக்கினால் முதலில் காணாமல் போவது அந்த மூன்று விநாடி முகத்தின் நுணுக்கம்தான். டிவிடியில் படம் ஒன்றுவிட்டு ஒரு வரியாக, விநாடிக்கு 50 பாதிகளாகப் பதிவாகியிருக்கும். அதைச் சரியாகப் பிரிக்காமல் மாற்றினால் கை அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் எல்லோரும் பத்து கிலோ ஏறியிருப்பார்கள். இதையெல்லாம் பிறகு முழுசாகச் சரிசெய்ய முடியாது, தட்டை அதற்குள் குப்பையில் போட்டிருந்தால்.

அதனால் முதல் வேலை மாற்றுவது அல்ல, அப்படியே நகலெடுப்பது. யுஎஸ்பியில் சொருகும் டிவிடி டிரைவ் ஒன்று தேவை. இம்ஜ்பர்ன் மாதிரி இலவச மென்பொருளில் தட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்துவிடலாம். மெனு, ரோஜாப்பூ எல்லாம் சேர்த்துத்தான். சாதாரண ஒற்றை அடுக்குத் தட்டு 4.7 ஜிபிக்கு மேல் போகாது. கீறல் விழுந்து நகல் பாதியில் நின்றால் டிடிரெஸ்க்யூ இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடத்துக்குப் பிறகு திரும்பி வந்து முயலும். வீட்டில் எழுதிய டிவிடிகளில் தகவல் இருப்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. தள்ளிப்போடப் போட கீறல் இல்லாத தட்டுகூடப் படிக்காமல் போகலாம்.

ஒரு சின்ன இடைஞ்சல்: பெரும்பாலான பழைய பென்டிரைவ்கள் எஃப்ஏடி32 முறையில் இருக்கும். 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை அது ஏற்காது. இடம் காலியாக இருக்கும்போதே இடமில்லை என்று அடம்பிடிக்கும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முதலில் வேறெங்காவது எடுத்து வைக்கவேண்டும்.

தட்டு ஓடவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று அர்த்தமும் இல்லை. உள்ளே இருப்பது எம்பெக்-2 வீடியோ. அதுவும் ஒரே கோப்பாக இருக்காது, ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் துண்டு துண்டாக இருக்கும். 2012ல் வந்த விண்டோஸ் 8லிருந்து மைக்ரோசாஃப்ட் டிவிடி ஓட்டும் வசதியை விண்டோஸோடு சேர்த்துத் தருவதை நிறுத்திவிட்டது. லைசென்ஸ் செலவுதான் காரணம். விஎல்சி போட்டால் தட்டும் ஓடும், ஐஎஸ்ஓவும் ஓடும்.

நகல் பத்திரமான பிறகு எம்பி4 தாராளமாகச் செய்யலாம். சித்தி போனிலும் அண்ணன் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் எதுவும் நிறுவாமல் ஓடவேண்டுமென்றால் ஹெச்.264 படம், ஏஏசி ஒலி, இந்த ஜோடியை மிஞ்ச எதுவுமில்லை. ஹேண்ட்பிரேக் போதும், அதுவும் இலவசம். வரிக்கோடுகளை நீக்கும் ஃபில்டரை மறக்காமல் போடவேண்டும். அதில் 'பாப்' வகையைத் தேர்ந்தெடுத்தால் விநாடிக்கு 50 படம் கிடைக்கும், அசைவு பழையபடி வழவழப்பாக இருக்கும். 720க்கு 576 என்ற அளவை 1080க்கு ஊதிப் பெரிதாக்குவது வெட்டி வேலை. இல்லாத முகத்தை எந்த மென்பொருளும் கொண்டுவராது, கற்பனை செய்து ஒட்டும். தாத்தாவுக்கு வேறு யாருடைய மூக்கோ எதற்கு?

விசிடி கதை வேறு. எம்பெக்-1 படம், 352க்கு 288, வரிப் பிரச்சினை கிடையாது. ஆனால் விசிடியின் வீடியோப் பகுதி எழுதப்பட்ட முறை சாதாரண டேட்டா சிடி மாதிரி இல்லாததால் ஐஎஸ்ஓவில் ஒழுங்காக அடங்காது. பின், க்யூ என்ற இரட்டைக் கோப்பாக எடுக்கவேண்டும். உள்ளே தெரியும் டேட் கோப்பை விஎல்சி நேரடியாகவே ஓட்டும்.

யூட்யூபில் ஏற்றிவிட்டால் போதாதா என்று கேட்கிறவர்கள் அந்தச் சினிமாப் பாட்டுகளை மறந்துவிடுகிறார்கள். காப்புரிமைக்காரர் நினைத்தால் ஒலி போகும், சில சமயம் வீடியோவே போகும். அங்கிருந்து திரும்ப எடுத்தால் வருவதும் நசுக்கிய நகல்தான்.

கடைசியாக, ஹேண்டிகேமில் எடுத்த 8 செ.மீ. குட்டி டிவிடி. அதைக் கேமராவிலேயே 'ஃபைனலைஸ்' செய்யாமல் விட்டிருந்தால் கம்ப்யூட்டர் அதைக் காலித் தட்டு என்று சொல்லக்கூடும், ஃபார்மட் செய்யவா என்றுகூடக் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே கேமராவோ அதே கம்பெனியின் அதே வகைக் கேமராவோ யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுவது நல்ல வழி. தட்டு வெளியே வரும் டிரேயில் அதற்கென்று உள்வட்டப் பள்ளம் இருக்கும். வாயில் சொருகி உள்ளே இழுத்துக்கொள்ளும் டிரைவில் மட்டும் போடக்கூடாது, சிக்கிக்கொள்ளும்.