ஆய்விதழ்களின் அறமும் 12 ஆண்டுத் தாமதமும்

"ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்திருக்கிறது" என்னும் சொற்றொடர் இன்று பல விவாதங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. மருந்தொன்று நன்மை தருவதா, உணவொன்று உடலுக்கு உகந்ததா என எவ்வினா எழுந்தாலும், ஆய்விதழின் பெயரைச் சொன்னவுடன் எதிர்த்தரப்பு மௌனமாகிவிடுகின்றது. புலம்பெயர்ந்த மக்களாகிய எமக்கு இச்சொற்றொடர் மேலும் கனமானது. வாழும் நாட்டின் மொழியும் நிர்வாக நடைமுறையும் முழுமையாகப் பழகாத நிலையில், வைத்தியசாலையிலும் பாடசாலையிலும் எம்முன் வைக்கப்படும் "ஆய்வு முடிவு" என்பதை நாம் ஒன்றில் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம். அல்லது நம்பிக்கை இழந்து முற்றாக நிராகரிக்கிறோம். இவ்விரண்டும் ஆபத்தானவை. ஓர் ஆய்விதழின் நேர்மையை அளக்கும் கோல் அது தவறே செய்யாதிருப்பதன்று. தவறு சுட்டிக்காட்டப்பட்ட பின்னர் அதனை எவ்வளவு விரைவாகவும் வெளிப்படையாகவும் திருத்துகிறது என்பதேயாகும்.

முதலில், ஆய்விதழ்கள் பெரிதும் நம்பியிருக்கும் சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்பது யாதெனப் பார்ப்போம். ஆய்வாளர் ஒருவர் தமது கட்டுரையை இதழுக்கு அனுப்புகிறார். ஆசிரியர் அதனை அதே துறை சார்ந்த இருவர் அல்லது மூவருக்கு அனுப்பி அவர்களது கருத்தைக் கோருகின்றார். அவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி, தமது பெயர் வெளிவராத நிலையில், கட்டுரையை வாசித்துக் குறைகளைச் சுட்டுகின்றனர். ஏற்பதா, திருத்தக் கோருவதா, மறுப்பதா என்னும் இறுதி முடிவு ஆசிரியருடையது. 1665 இல் இலண்டனில் தொடங்கிய "பிலோசோபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்" இதழிலிருந்து அறிவியல் இதழ்களின் வரலாறு தொடர்கிறது. எனினும், வெளி மதிப்பாய்வு எல்லாக் கட்டுரைகளுக்கும் பொது விதியாகியது மிக அண்மையிலேயே. புகழ்பெற்ற "நேச்சர்" இதழ்கூட 1973 இலேயே இதனை முறையான நடைமுறையாக்கியது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. மதிப்பாய்வாளர் ஆய்வுக்கூடத்திற்குச் செல்வதில்லை. நோயாளியின் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. "தரப்பட்ட தரவுகள் உண்மையெனின் இம்முடிவு பொருந்துமா?" என்பதே அவர் கேட்கும் வினா. "தரவுகள் உண்மைதானா?" என்னும் வினா அவரது மேசைக்கு வருவதேயில்லை. நேர்மையான பிழைகளைக் கண்டறிய இம்முறை உதவும். திட்டமிட்ட பொய்யைக் கண்டறிய இது அமைக்கப்படவில்லை.

இதனை விளக்க, எமது பிள்ளைகளின் உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். 1998 பெப்ரவரி 28 ஆம் திகதி, உலகின் முதன்மையான மருத்துவ இதழ்களுள் ஒன்றாகிய "லான்செட்", இலண்டன் றோயல் பிறீ வைத்தியசாலையைச் சேர்ந்த அன்ட்ரூ வேக்பீல்ட் உள்ளிட்ட 13 பேரின் கட்டுரையொன்றை வெளியிட்டது. 12 சிறார்களை மாத்திரம் ஆராய்ந்த அக்கட்டுரை, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கும் சேர்த்து ஏற்றப்படும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும், குடல் அழற்சிக்கும், ஓட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டிற்கும் இடையே தொடர்பிருக்கலாம் என்னும் ஐயத்தைக் கிளப்பியது. தொடர்பை நிரூபிக்கவில்லை எனக் கட்டுரையே கூறியது. ஆயினும், வைத்தியசாலை நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பில், மூன்று தடுப்பு மருந்துகளையும் தனித்தனியே வழங்குவதே நன்று என வேக்பீல்ட் அறிவித்தார். இதழின் மதிப்பாய்வுக்கு உட்படாத இக்கூற்றே இதழின் மதிப்பை ஏந்திக்கொண்டு வீடுதோறும் சென்றது.

அக்கட்டுரையின் பலவீனம் வெளியான நாளிலேயே தெரிந்திருந்தது. அதே இதழில், அதன் வாதத்தை ஐயுற்று அமெரிக்க நிபுணர் இருவர் எழுதிய குறிப்புரையும் இடம்பெற்றது. ஆனால், மதிப்பாய்வாளர் எவருக்கும் தெரியாத செய்திகள் பின்னர் வெளிவந்தன. 2004 பெப்ரவரியில் "சண்டே டைம்ஸ்" பத்திரிகையில் பிரையன் டியர் என்னும் ஊடகவியலாளர், தடுப்பூசி நிறுவனங்களுக்கு எதிராக வழக்குத் தொடுக்க முயன்ற சட்டத்தரணியுடன் வேக்பீல்ட் இணைந்து பணியாற்றியதையும், அதன் பொருட்டுச் சட்ட உதவி நிதியிலிருந்து 55,000 பவுண் ஆய்வுக்கு வழங்கப்பட்டதையும் வெளிப்படுத்தினார். கட்டுரையில் இது குறிப்பிடப்படவேயில்லை. வேக்பீல்ட் தனிப்பட்ட முறையில் பெற்ற தொகை செலவுகள் நீங்கலாக 4,35,000 பவுணுக்கும் அதிகம் என்பது பின்னர் தெரியவந்தது.

இங்கேதான் இதழின் அறம் சோதனைக்குள்ளாகியது. இந்நலன் முரண்பாடு தெரிந்திருந்தால் கட்டுரையை அவ்வாறு வெளியிட்டிருக்கமாட்டோம் என்று லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹோர்ட்டன் 2004 இலேயே கூறினார். அடுத்த மாதம், கட்டுரையாளர் 13 பேருள் 10 பேர் அதன் விளக்கத்திலிருந்து தம்மை விலக்கிக்கொண்டனர். ஆயினும் கட்டுரை மீளப்பெறப்படவில்லை. மேலும் ஆறு ஆண்டுகள் அது அறிவியல் ஏட்டில் நிலைத்து நின்றது. பிரித்தானிய மருத்துவப் பேரவை 2007 இல் தொடங்கி நடத்திய நீண்ட விசாரணை, சிறார்கள்மீது உரிய ஒழுக்கவியல் அனுமதியின்றிக் கடுமையான பரிசோதனைகள் செய்யப்பட்டதையும், தம் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த பிள்ளைகளிடம் வேக்பீல்ட் பணம் கொடுத்து இரத்த மாதிரி பெற்றதையும் 2010 சனவரியில் உறுதிப்படுத்தியது. அதன் பின்னரே, 2010 பெப்ரவரி 2 ஆம் திகதி லான்செட் கட்டுரையை முழுமையாக மீளப்பெற்றது. அதே ஆண்டு மே மாதம் வேக்பீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அவருடன் பதிவு நீக்கப்பட்ட மூத்த மருத்துவர் ஒருவர் மீதான தீர்ப்பை 2012 இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது என்பதையும் நேர்மை கருதிக் கூறவேண்டும். வேக்பீல்ட் மீதான தீர்ப்பு மாற்றமின்றி நிற்கிறது.

வெளியீட்டிலிருந்து மீளப்பெறுதல் வரை 12 ஆண்டுகள். பொய்யை வெளிக்கொணர்ந்தவர் மதிப்பாய்வாளரல்லர், பல்கலைக்கழகமல்ல, இதழுமல்ல. வெளியிலிருந்து வந்த ஒரு பத்திரிகையாளர். அவர்மீது வேக்பீல்ட் அவதூறு வழக்குத் தொடுத்து, 2007 இல் அதனைக் கைவிட்டார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

இத்தாமதத்தின் விலையைச் செலுத்தியோர் யாவர்? 1990களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் 92 சதவீதமாயிருந்த தடுப்பூசி ஏற்றம் 2003-04 இல் ஏறத்தாழ 80 சதவீதத்திற்கு வீழ்ந்தது. 1998 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 56 ஆக இருந்த உறுதிப்படுத்தப்பட்ட சின்னமுத்து நோயாளர் தொகை 2008 இல் 1,300 ஐத் தாண்டியது. 2012-13 இல் வேல்சின் சுவான்சீ பகுதியில் ஏறத்தாழ 1,200 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பலர் அச்சம் உச்சத்திலிருந்த காலத்தில் ஊசி ஏற்றப்படாது வளர்ந்த பிள்ளைகள். 2002 இல் டென்மார்க்கில் 5,37,303 பிள்ளைகளை ஆராய்ந்தும், 2019 இல் அதே நாட்டில் 6,57,461 பிள்ளைகளை ஆராய்ந்தும், தடுப்பூசிக்கும் ஓட்டிசத்திற்கும் தொடர்பில்லை என நிறுவப்பட்டது. 12 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை விதைத்த அச்சத்தைப் பன்னிரண்டு இலட்சம் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளாலும் முழுமையாகக் களைய முடியவில்லை.

புலம்பெயர்ந்தோர் என்ற வகையில் எம்மைச் சிந்திக்க வைக்கவேண்டியது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சோமாலிய மக்களுக்கு நேர்ந்த துயராகும். போரினால் இடம்பெயர்ந்து அங்கு குடியேறிய அச்சமூகத்தின் பெற்றோர், தம் பிள்ளைகளிடையே ஓட்டிசம் அதிகமாகக் காணப்படுவதேன் என 2008 அளவில் வினவினர். நியாயமான வினா அது. அதற்குத் தெளிவான பதில் தாய்மொழியில் காலத்தோடு கிடைக்கவில்லை. அவ்வெற்றிடத்தைத் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் நிரப்பினர். வேக்பீல்டே 2010, 2011 ஆண்டுகளில் மினியாபொலிஸ் நகரில் அவர்களைச் சந்தித்தார். அக்காலத்தில் அவரது கட்டுரை மீளப்பெறப்பட்டிருந்தது, அச்சம் மீளப்பெறப்படவில்லை. 2004 இல் 92 சதவீதமாயிருந்த சோமாலியப் பிள்ளைகளின் எம்.எம்.ஆர். ஏற்றம் 2014 இல் 42 சதவீதமாகியது. 2017 இல் சின்னமுத்து பரவியபோது பாதிக்கப்பட்ட 75 பேருள் மிகப் பெரும்பாலானோர் அச்சமூகத்துப் பிள்ளைகளே. மொழி தெரியாமையும், அரச நிறுவனங்கள் மீதான ஐயமும், பிள்ளைப் பாசமும் எமது இல்லங்களுக்கும் அந்நியமானவையல்ல. அப்பெற்றோரைப் பழிப்பது அநீதி. அவர்களது கேள்விக்குப் பொய்யான விடையைப் பெரும் இதழொன்றின் முத்திரையுடன் உலவவிட்டோரே பொறுப்பாளிகள்.

"இது ஒரு தனிமனிதரின் குற்றம், இதழ்கள் காவற்றுறையாக இயங்க முடியுமா?" என்று சிலர் வினவக்கூடும். முடியாது என்பது உண்மையே. ஆனால் விரைந்து திருத்த முடியும் என்பதற்கும் லான்செட் இதழே சான்று. 2020 மே 22 ஆம் திகதி, கோவிட் நோயாளருக்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்து தீங்கு விளைவிக்கிறது எனக் கூறும் கட்டுரையொன்றை அது வெளியிட்டது. 671 வைத்தியசாலைகளின் 96,032 நோயாளர் தரவுகளைச் "சேர்ஜிஸ்பியர்" என்னும் நிறுவனம் வழங்கியதாகக் கூறப்பட்டது. அதனை நம்பி உலக சுகாதார நிறுவனமும் தனது பரிசோதனையின் அப்பகுதியை இடைநிறுத்தியது. ஆனால் அவுஸ்திரேலியாவில் அத்திகதிவரை பதிவான மொத்த மரணங்களைவிட அதிகமான மரணங்களைக் கட்டுரை காட்டியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினர். தரவுகளைச் சுயாதீனமாகச் சரிபார்க்க அந்நிறுவனம் இடமளிக்கவில்லை. ஜூன் 4 ஆம் திகதி கட்டுரை மீளப்பெறப்பட்டது. வெளியீட்டிலிருந்து 13 நாட்கள்!

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். இரண்டிலும் வெளியீட்டிற்கு முந்தைய மதிப்பாய்வு தோற்றது. 22 ஆண்டுகளில் அவ்வகையில் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. மாறியது வெளியீட்டிற்குப் பிந்தைய பொது விழிப்பு மட்டுமே. கேள்வி கேட்போர் பலராயினர். அவர்களது குரலை இதழால் ஆறு ஆண்டுகள் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

எனினும், எல்லா இதழ்களும் இவ்வழியில் செல்கின்றன எனக் கருதிவிடலாகாது. கட்டுரையாளரிடம் கட்டணம் பெற்று வெளியிடும் முறை பரவியதோடு, மதிப்பாய்வைப் பெயரளவில் மட்டும் நடத்தும் வணிகமும் பெருகியது. 2013 இல் ஜோன் பொஹனன் என்பவர், வெளிப்படையான பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரையொன்றின் வடிவங்களை 304 இதழ்களுக்கு அனுப்பியபோது 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 2023 இல் வைலி நிறுவனத்திற்குச் சொந்தமான ஹிந்தாவி இதழ்கள், மதிப்பாய்வு முறைகேடு காரணமாக 8,000 இற்கும் மேற்பட்ட கட்டுரைகளை மீளப்பெற நேர்ந்தது. பணிக்கும் பதவியுயர்வுக்கும் கட்டுரைகளின் எண்ணிக்கையையே அளவுகோலாக்கிய பல்கலைக்கழகங்களும் இப்பழியில் பங்காளிகளே.

செய்யவேண்டியவை எவை? விதிகள் இல்லையென்பதன்று குறை. 1978 இல் வன்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் வகுக்கத் தொடங்கிய நெறிகளும், 1997 இல் பிரித்தானியாவில் உருவான வெளியீட்டு ஒழுக்கவியல் குழுவின் வழிகாட்டல்களும் இருக்கவே செய்கின்றன. அக்குழுவைத் தொடங்கியோருள் லான்செட் ஆசிரியரும் ஒருவர் என்பதே, விதி எழுதுவதற்கும் அதன்படி ஒழுகுவதற்கும் இடையிலான தூரத்தைக் காட்டும். எனவே மூன்று கோரிக்கைகள் வலுப்பெறவேண்டும். ஒன்று, மூலத் தரவுகளை, நோயாளரின் அடையாளம் காத்து, சுயாதீனமானோர் சரிபார்க்க வழிசெய்யாத கட்டுரைக்கு இடமளிக்கலாகாது. இரண்டு, கடுமையான ஐயம் எழுந்த கட்டுரையின் தலைப்பிலேயே, விசாரணை முடியும்வரை காத்திராது, எச்சரிக்கைக் குறிப்பு இடப்படவேண்டும். மூன்று, தவறைச் சுட்டுவோருக்கு வழக்கு மிரட்டல்களிலிருந்து பாதுகாப்பு வேண்டும்.

எம் பங்கும் சிறிதன்று. புலம்பெயர் நாடுகளின் பல்கலைக்கழகங்களில் எமது இளையோர் பலர் ஆய்வாளர்களாகவும் மருத்துவர்களாகவும் உயர்ந்துள்ளனர். தமது துறையில் மீளப்பெறப்பட்ட கட்டுரைகளைப் பற்றி எளிய தமிழில் பெற்றோருக்கும் மூத்தோருக்கும் எடுத்துரைப்பது அவர்களது கடமையாகும். கட்டுரையொன்று மீளப்பெறப்பட்டதா என்பதை "றிட்ராக்ஷன் வொட்ச்" தரவுத்தளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடிப்பார்க்கலாம். மருத்துவச் செய்தியொன்றைப் பகிருமுன் எத்தனை பேரை ஆராய்ந்தார்கள், பணம் தந்தவர் யார், வேறு ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தினவா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்போம். எமது அமைப்புகள் தயாரிக்கும் அறிக்கைகளும் இதே சோதனையைத் தாண்டியே வெளிவரவேண்டும். நீதி கோரும் மக்களின் கையில் பழுதான சான்று இருப்பது எதிராளிக்கு நாமே கொடுக்கும் ஆயுதமாகும்.

எமது மக்கள் செறிந்து வாழும் கனடா, 2025 நவம்பரில் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடு என்னும் தகுதியை இழந்தது. அதற்குக் காரணங்கள் பல. 1998 இன் ஒரு கட்டுரையை மட்டும் குற்றஞ்சாட்டுவது பொருந்தாது. ஆயினும் அறிவியலின் மீதான நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் அதனை ஒட்டவைப்பது எத்துணைக் கடினம் என்பதை அச்செய்தி உணர்த்துகிறது. அந்நம்பிக்கையைக் காப்பதற்கு முதற்கடன் பட்டவை ஆய்விதழ்களே. தவறை ஒப்புக்கொள்வதால் ஓர் இதழின் மதிப்புக் குறைவதில்லை. ஒப்புக்கொள்ளத் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அதன் விலையைச் செலுத்துவது எங்கோ ஒரு பிள்ளை என்பதை அவற்றின் ஆசிரியர்கள் உணரவேண்டும். உணரும்வரை கேட்டுக்கொண்டேயிருப்பது எம் கடமை.