பட்டியலில் ஒரு பெயர்



இம்மாதம் கணனி பற்றி எழுதுகிறேன். "எங்களுக்கும் கணனிக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது நமக்கு நன்கு பழகிய ஒரு துன்பத்தோடு தொடர்புடைய விடயம். அதுதான் பெயர்ப் பதிவு.

திருகோணமலை மாவட்டத்துப் பெண்கள் எத்தனை படிவங்களை நிரப்பியிருப்பார்கள்! இடம்பெயர்ந்தபோது ஒரு பதிவு, முகாமில் இன்னொன்று, மீளக்குடியேறியபோது மற்றொன்று. கணவரையோ மகனையோ காணவில்லை என்றால் பதிவுகளுக்குக் கணக்கே இல்லை. மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "மகன்ட பேர எத்தின பேரிட்டக் குடுத்திட்டன் மிஸ். ஒருத்தர் எழுதினது மத்தவருக்குத் தெரியாதாம். ஒவ்வொரு தரமும் முதல்ல இருந்து சொல்ல வேண்டிக் கிடக்கு."

2004 டிசெம்பர் 26 கடற்கோளின் போதும் இதே நிலைதான். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். நமது கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளும் அடிபட்டன. உதவிகள் வந்தன. ஆனால் எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், எந்த நிறுவனம் எதைக் கொடுக்கிறது, யாரை யார் தேடுகிறார்கள் என்பதெல்லாம் வெவ்வேறு தாள்களில் சிதறிக் கிடந்தன.

அவ்வேளையில் கணனித் துறையினரும் பல்கலைக்கழகத்தினரும் சம்பளம் வாங்காமல் ஒன்றுசேர்ந்து ஒரு மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்பு அவர்களை ஒருங்கிணைத்தது. சில வாரங்களிலேயே அது பாவனைக்கு வந்தது. அதன் பெயர் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் பதியலாம். ஒருவர் பதிந்ததை மற்றவர் திரும்பக் கேட்கத் தேவையில்லை.

கணனிக்கு வேலை சொல்ல ஒரு மொழி வேண்டும். சஹன முதலில் பி.எச்.பி என்ற மொழியில் எழுதப்பட்டது. பின்னர் பைதன் என்ற மொழியில் புதிதாக எழுதப்பட்டது. இம்மொழிகளை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உலகெங்கும் அவற்றைப் பாவிப்பவர்கள் குழுக்களாகக் கூடுகிறார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். பிழை கண்டவர் திருத்திக் கொடுக்கிறார். நமது மாதர் சங்கத்தில் துணி வெட்டத் தெரிந்தவர் மற்றவருக்குப் பழக்குவதைப் போலத்தான்.

சஹனவும் இலவசமாகவே கொடுக்கப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதைச் சுதந்திர மென்பொருள் அமைப்பு அதற்கு வழங்கியது. கடலால் அடிபட்ட ஒரு சிறிய நாட்டில் தொண்டர்கள் செய்த வேலை இது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மென்பொருள் எல்லோருக்கும் பொது. அதில் எழுதப்படும் பெயர்கள் பொதுவல்ல. ஒரு பட்டியலில் பெயர் இருப்பதே ஆபத்தாக இருந்த காலத்தை நாம் கடந்து வந்தவர்கள். ஆகவே பதிய வருபவரிடம் கேளுங்கள்: நீங்கள் யார்? எதற்காக எழுதுகிறீர்கள்? இதை யார் யார் பார்ப்பார்கள்? எனக்கு ஒரு பிரதி தருவீர்களா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது உங்கள் உரிமை. அரச அலுவலகத்தில் கொடுத்த முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்பதையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம்.

இன்னொன்று எழுத்துப் பிழை. விஜயராணி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'வீ' எழுத்தில் தொடங்குவார்; இன்னொருவர் 'டபிள்யூ' எழுத்தில் தொடங்குவார். கணனிக்கு அவர்கள் இரண்டு பேர். தேடுபவருக்குக் கிடைக்க வேண்டிய பதில் அங்கேயே தவறிப்போகும்.

எனவே ஒரு கொப்பி வாங்குங்கள். தேடப்படுபவரின் பெயரைத் தேசிய அடையாள அட்டையில் அல்லது பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். அடையாள அட்டை இலக்கம், காணாமற்போன திகதி, இடம், முறைப்பாடு கொடுத்த அலுவலகம், கொடுத்த நாள், பற்றுச்சீட்டு இலக்கம் எல்லாவற்றையும் வரிசையாகக் குறியுங்கள். பிரதியொன்றை வேறு வீட்டில் நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். வெள்ளமும் தீயும் முன்னறிவித்து வருவதில்லை.

எழுத இயலாத சகோதரிகளுக்கு எழுதக்கூடியவர்கள் உதவலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் அரை மணித்தியாலத்தை இதற்கென ஒதுக்குங்கள். உங்கள் மகள் பாடசாலையில் கணனி படிக்கிறாள் என்றால் அவளையும் கூட்டி வாருங்கள். பெயர்களைப் பிழையில்லாமல் எழுதுவதில் அவள் பழகட்டும். நாளைக்கு இப்படியொரு மென்பொருளை எழுதுகிறவர்களில் நமது பிள்ளையும் ஒருத்தியாக இருக்கலாம்.