வீட்டையும் ஒரு படம் எடுங்கள்



உங்கள் வீட்டு ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். கல்யாணப் படம் இருக்கும், காதுகுத்துப் படம் இருக்கும், திருவிழாவில் காவடி எடுத்த படமும் இருக்கும். நீங்கள் குடியிருந்த லயத்தின் படம் இருக்கிறதா? மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் சன்னலின் ஒரு மூலை, பாட்டியின் தலைக்கு மேல் தகரக் கூரையின் ஓரம், அவ்வளவுதான் அகப்படும்.

தினமும் பார்ப்பதை நாம் கவனிப்பதில்லை. கவனிக்கக் கற்றுக்கொடுக்க கேமராவைப் போல நல்ல வாத்தியார் கிடையாது. கைத்தொலைபேசியில் உள்ள கேமராவே போதும்.

உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். கூரையின் நிழல் விழுந்து வாசலே கறுத்துப்போகும். காலை எட்டு, ஒன்பது மணிக்கோ மாலை ஐந்தரைக்கு மேலோ வெயில் சாய்வாக விழும்போது பலகையின் வரியும் தகரத்தின் மடிப்பும் தெளிவாகத் தெரியும். தூண்கள் சாயாமல் கேமராவை நேராகப் பிடியுங்கள். வாசலில் ஒருவரை நிற்கவைத்தால் வீட்டின் உயரம் விளங்கும்.

எடுத்த படத்தைப் பார்த்து, “இது ஏன் இப்படி?” என்று கேளுங்கள். பழைய பலகை லயங்கள் சில தூண்மேல் நிற்பது ஏன்? தரையின் ஈரம் ஏறாமலும், அடியில் காற்று புகுந்து போகவும்தான். அந்த அடிப்பகுதியில் விறகையும் கோழியையும் சேர்த்துவைத்தது நம் பெண்களின் சாமர்த்தியம். இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள தடுப்பு கூரையைத் தொடாமல் நின்றுவிடும் லயங்களும் உண்டு. அந்த இடைவெளியில் அனல் வெளியேறும்; பக்கத்து வீட்டுச் சண்டை உள்ளே வரும். ஒரு கூலிக் குடும்பத்துக்கு எவ்வளவு இடம் போதும் என்று எவரோ போட்ட கணக்கும் அந்தப் படத்தில் இருக்கிறது.

ஒரே அளவில் கட்டிய பத்து வீட்டையும் வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் பின்பக்கம் அடுப்படியை நீட்டியிருப்பார்கள். ஒரு வீட்டு வாசலில் பெஞ்சு, இன்னொன்றில் முருங்கை. நிர்வாகம் கொடுத்தது எது, நாம் சேர்த்தது எது என்று அப்போது தெரியும். நாம் சேர்த்ததும் கட்டடக்கலைதான்.

சம்பளம் வாங்கிப் பட்டணம் போகும்போது கடைவீதியையும் பாருங்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குகிறோமே அந்த அஞ்சடி, அது தற்செயலாக வந்ததல்ல. கடைகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைவழி தொடர்ந்து இருக்க வேண்டும், எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று 1822-இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு விதி செய்தார். 1881-இல் கோலாலம்பூர் தீயில் அழிந்தது. அதன் பின்னரே அங்கே பலகைக்கும் அத்தாப்புக்கும் பதிலாகச் செங்கல்லும் ஓடும் பரவின. அண்ணாந்து பார்த்தால், கட்டிய ஆண்டைச் சில கடைகளின் நெற்றியிலேயே காணலாம்.

அந்தக் கடைவீடுகளைக் காக்க ஆள் இருக்கிறது. மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. நம் லயத்துக்கு யார் இருக்கிறார்கள்? தோட்டம் கைமாறினால் அதை இடித்துத் தள்ள ஒரு பகல் போதும். “தாத்தா, நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று பேரன் கேட்டால், செம்பனையையோ அடுக்குமாடியையோதான் கைகாட்ட வேண்டியிருக்கும்.

ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். கேமராவைப் பிள்ளைகளிடம் கொடுத்து, பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். எந்தப் பலகையை யார் அடித்தார், எந்த ஆண்டு என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். லயம், வீடு, அடுப்படி, ஆயாக்கொட்டகை, கோயில் என்று ஒவ்வொன்றாக எடுங்கள். அடுத்த வீட்டை எடுப்பதானால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தொலைபேசியோடு விட்டுவிடாமல் கடையில் கொடுத்துப் படமாகக் கழுவி வாங்குங்கள். பின்புறத்தில் தோட்டத்தின் பெயர், வீட்டு எண், குடியிருந்தவர் பெயர், தேதி நான்கையும் எழுதிவையுங்கள். கல்யாணப் படத்துக்குப் பக்கத்திலேயே அதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.