புரியாத தாளில் கையெழுத்து

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே வல்லம், ஒரகடம் வரையிலும் பரந்து கிடக்கும் தொழிற்பிரதேசத்துக்கு, ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ படித்துவிட்டுத் திருவண்ணாமலையிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் வந்து சேருகிற ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ, தம் வாழ்க்கையின் அடுத்த சில வருஷங்களை நிர்ணயிக்கப்போகும் காகிதக் கட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் நாளன்றே கையெழுத்திட்டுவிடுகிறார். அந்தக் காகிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஹெச்.ஆர். மேஜைக்கு முன்னால் வரிசை நீண்டிருக்கும். படித்துப் பார்க்க அவகாசம் இராது. கேட்டால், “எல்லாருக்கும் ஒரே ஃபார்மேட்தான் தம்பி” என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடும்.

மனிதரை மயக்கவும் திகைக்க வைக்கவும் வல்ல கடினமான சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். ஆயினும் இந்தப் பிரதேசத்துத் தொழிலாளியைத் திகைக்க வைப்பவை, நாள்தோறும் காதில் விழுந்து பழகிப்போன, அர்த்தம் தெரிந்தவை போலவே தோன்றுகிற சாதாரணச் சொற்கள்தாம். ‘டிரெய்னி’ என்றால் வேலை பழகுகிறவர் என்று அவர் எண்ணிக்கொள்கிறார். பழகி முடிந்ததும் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று வீட்டாரிடமும் சொல்லிவைக்கிறார். 24 மாத காலத்துக்குள் 480 நாள் பணி செய்த தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருப்பது உண்மையே. ஆனால் டிரெய்னி என்பவர் அச்சட்டம் கூறும் தொழிலாளர்தானா என்பதே வழக்காடித் தீர்க்க வேண்டிய கேள்வியாகிவிடுவதால், லைனில் பக்கத்தில் நிற்பவரோடு ஒரே ஷிஃப்டில் ஒரே வேலையைச் செய்தவர், ஒரு சொல்லின் காரணமாக, அந்த 480 நாளும் கழிந்த பிறகு வெளியே நிற்க நேர்கிறது. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2013இல் கொண்டுவந்த ‘நீம்’ பயிற்சித் திட்டத்திலோ, அதில் சேர்ந்தவரை ஊழியராகவே கருதலாகாது என்று விதியே எழுதப்பட்டிருந்தது.

‘சி.டி.சி.’ (நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று போட்டிருந்த தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டவர், நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் 12 சதவீத வருங்கால வைப்புநிதியும், வேலையை விட்ட பின்பே கிடைக்கும் கிராஜுவிட்டியும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தன என்பதை முதல் பே ஸ்லிப் வந்த பிறகே அறிகிறார். தந்தைக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் போய்ச் சில நாள் கூடுதலாகத் தங்கிவிட்டவருக்கு ‘அப்ஸ்காண்டிங்’ என்று கடிதம் வருகிறது; தலைமறைவான குற்றவாளியைக் குறிக்கும் அச்சொல்லைப் படிக்கத் தெரிந்த யாரேனும் தெருவில் விளக்கிச் சொல்லும்போது அந்தக் குடும்பம் அடையும் அவமானம் சிறிதன்று. ‘டொமெஸ்டிக் என்கொயரி’ என்பதை வீட்டைப் பற்றிய விசாரணை என்று ஒருவர் எண்ணினால் அவரைக் குறைகூற முடியாது. அதுவோ வேலையையே பறிக்கக்கூடிய விசாரணை. எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அதில் அவருக்கு உரிமை உண்டு என்பதையும், விசாரணை முடியும் வரை சஸ்பென்ஷனில் இருப்பவருக்கு முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியம் பிழைப்பூதியமாகக் கிடைக்க வேண்டும் என்பதையும் அந்த இரண்டு சொற்களிலிருந்து யார்தான் ஊகிக்க முடியும்?

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் உறுத்துவது ‘வாலண்டரி ரிடையர்மென்ட்’ என்ற பிரயோகமே. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு முதல் சம்பளத்தை அளித்த நோக்கியா ஆலை, வரித் தகராறில் சிக்கி, 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வாங்கிய பகுதியில் சேராமல் ஒதுக்கப்பட்டு நின்றபோது, அங்கே விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் அதை ஏற்று வெளியேறினார்கள். அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியே நின்றது. இருபதுகளில் இருந்தவர்கள் ஓய்வு பெற்றார்கள்! அப்போது அமலில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி, ஆட்குறைப்பு என்றால் முன்னறிவிப்பு வேண்டும். பூர்த்தியான ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் ஈடாக வேண்டும். 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலையாயின் அரசின் அனுமதி வேண்டும். பிறகு ஆள் எடுக்கும்போது பழையவர்களுக்கு முன்னுரிமையும் வேண்டும். ஆனால் தொழிலாளி தாமே விரும்பி ஓய்வு பெற்றால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று அதே சட்டம் விலக்கி வைத்திருந்தது. விருப்ப ஓய்வில் கிடைக்கும் தொகை சட்டம் சொல்லும் ஈட்டைவிடப் பெரிதாக இருப்பதுண்டு. அதை ஏற்பது சில வேளை விவேகமும் ஆகும். எதைப் பெறுவதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தம் சொந்தப் பாஷையில் தெரிந்திருந்தால் அல்லவா அது விருப்பம் ஆகும்?

ஆங்கிலத்தில்தான் எழுத முடியும், அயல்நாட்டு நிறுவனங்களுக்கு வேறு வழியில்லை என்று சொல்லப்படுவதை நான் ஏற்பதற்கில்லை. கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த முதலாளிகளுக்கும் ஆங்கிலம் அந்நிய பாஷையே. அதைவிட முக்கியமான விஷயம், உற்பத்தி என்று வந்துவிட்டால் இதே நிறுவனங்கள் மொழித் தடையை எத்தனை சாமர்த்தியமாகக் கடந்துவிடுகின்றன என்பது. ‘கைசன்’ என்றும் ‘போகா-யோகே’ என்றும் ‘ஃபைவ் எஸ்’ என்றும் ஜப்பானியக் கருத்துகளை, அந்த மொழியில் ஓர் எழுத்தும் அறியாத பிள்ளைகளுக்குப் படம் போட்டும், தமிழில் எழுதி ஒட்டியும், லைன் லீடரைப் பக்கத்தில் நிறுத்திச் செய்துகாட்டியும், பிழையின்றிப் புரியவைத்துவிடுகிறார்கள். போகா-யோகே என்பதன் தாத்பரியமே, புதிதாக வந்தவரும் தவறு செய்ய இயலாதபடி வேலையை அமைத்துவிடுவது. ஒரு திருகாணியை மாற்றிப் பொருத்திவிடாதபடி இவ்வளவு கவலை எடுத்துக்கொள்பவர்கள், ஒரு மனிதர் தம் நியமனக் கடிதத்தைத் தவறாகப் புரிந்துகொண்டுவிடாதபடியும் அதே கவலையை எடுத்துக்கொள்ளலாம்.

சட்டமும் இந்தத் தேவையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆலையின் பணி நிபந்தனைகளைக் கூறும் நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் வாயிலருகே பலகையில் ஒட்ட வேண்டும் என்று 1946ஆம் ஆண்டிலேயே விதிக்கப்பட்டது. அதற்கும் முன்னே, 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த காலத்தில், அதன் தலைவர் வாடியா ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழாக்கித் தந்தால்தான் மில் தொழிலாளருக்குப் பொருளாகும் என்பதை உணர்ந்திருந்தார்கள்; திரு.வி.க. போன்றவர்களின் நாவில் தொழிலாளர் உரிமை என்பதே நல்ல தமிழாகப் புழங்கியது. நிலையாணை, ஆட்குறைப்பு, கதவடைப்பு, தகுதிகாண் பருவம், பிழைப்பூதியம் என்று வேண்டிய சொற்களெல்லாம் நம்மிடம் தயாராக உள்ளன. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசர், குருவிடம் இரகசியமாகப் பெற்ற மந்திரார்த்தத்தைத் திருக்கோட்டியூரில் ஊரார் அனைவருக்கும் உரக்கச் சொன்னார் என்று வைணவ மரபு போற்றுகிறது. அவர் ஊரில் அர்த்தம் இன்னும் சிலருக்கு மட்டும் உரியதாக இருப்பது எனக்கு வேதனையளிக்கிறது.

2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தை எல்லாருக்கும் கட்டாயமாக்கியிருக்கின்றன. கடிதம் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றும், வழக்கு வந்தால் அந்தப் பாடமே செல்லும் என்றும், கையெழுத்துக்கு முன் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க ஒரு வார அவகாசம் தர வேண்டும் என்றும் தமிழ்நாடு அரசு தன் விதிகளில் ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும். விருப்ப ஓய்வுக்கு அந்த அவகாசம் ஒரு மாதமாக இருப்பது நியாயம். ஒரகடத்து விடுதிகளில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்த் தாளும் ஆங்கிலத் தாளைப் போன்றதே. ஆகையால் ஒடியாவிலும் இந்தியிலும் அசாமியத்திலும் அந்தக் கடிதம் அச்சாக வேண்டும்.