வீட்டுக்காரரின் விசிறியும் குடியிருப்பவரின் பில்லும்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பார்கள். பஸ் தரிப்பிடம் எவ்வளவு தூரம், பக்கத்து வீட்டில் நாய் உண்டா என்றெல்லாம் விசாரிப்பார்கள். அண்ணாந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. நானும் பார்க்கவில்லை. அதன் பலனைப் பின்னர் அனுபவித்தேன்.

நான் குடியிருப்பது கொழும்பில், கடற்காற்று படும் தூரத்தில் உள்ள ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில். முன்னர் கூடத்தில் தொங்கிய மூன்று இறகு விசிறி பழையது, நிறம் மங்கியது. ஆனால் காற்று வீசியது. அது ஒருநாள் நின்றுபோக, வீட்டுக்காரர் அதைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றைப் பூட்டினார். மரப்பலகை போன்ற ஐந்து இறகுகள். நடுவே பூவிதழ் போன்ற கண்ணாடிக் கூடுகளுக்குள் நான்கு மின்குமிழ்கள். வந்தவர்கள் எல்லாரும் ஹோட்டல் மாதிரி இருக்கிறது என்று வியந்தார்கள். சித்திரை மாத இரவொன்றில் அதன் கீழே பாயை விரித்துப் படுத்தபோதுதான் உண்மை விளங்கியது. அது சுழல்வது தெரிந்தது. காற்று வருவது தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் முறையிட்டேன்.

"ஓடுதுதானே அண்ணை, பிறகென்ன?" என்றார்.

ஓடினால் போதும் என்பது நமது நாட்டில் வீட்டுக்காரர்கள் மட்டும் கொண்டிருக்கும் கொள்கையல்ல. கடைக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். அந்தக் கொள்கை எவ்வளவு தவறானது, அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். ஒரு விசிறிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று சிரிப்பவர்கள் தங்கள் மின்பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

விசிறி அறையைக் குளிராக்குவதில்லை. உடலில் உள்ள வியர்வையை ஆவியாக்கி, உடலுக்குக் குளிர்ச்சி தருகிறது, அவ்வளவுதான். ஆகவே அதன் பெறுமதி, கீழே இருப்பவரை வந்தடையும் காற்றின் அளவில்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை கனமீற்றர் காற்றைத் தள்ளுகிறது, அதற்கு எத்தனை வோட் மின்சாரத்தைத் தின்கிறது என்ற இரண்டு எண்களைத்தான் முதலில் கேட்கவேண்டும். மற்றவை அலங்காரம். ஐந்து இறகு விசிறி, குளிரூட்டிய அறையில் சத்தமின்றி மெதுவாகச் சுழல்வதற்கு நல்லது. ஜன்னலைத் திறந்துவைத்து வியர்த்துக்கொண்டிருக்கும் நமக்குப் பொதுவாக வேகமாகச் சுழலும் மூன்று இறகே போதும். இன்னொன்று, கடலோரத்தில் இரும்பு இறகு துருப்பிடிக்கும். மலிவான மரத்தூள் பலகை ஈரத்தில் ஊதி வளையும். அலுமினிய இறகு அழகில்லை என்பார்கள். இருக்கட்டும்.

அந்த இரண்டு எண்களையும் நான் ஒரு கடையில் கேட்டேன். விற்பனை செய்த தம்பி விசிறியின் நிறங்களைச் சொன்னார். தவணைமுறைப் பணத்தைச் சொன்னார். உத்தரவாதம் எத்தனை வருடம் என்றும் சொன்னார். எத்தனை வோட் என்று கேட்டபோது, "எல்லாம் ஒரே மாதிரித்தான் ஐயா" என்றார். ஒரே மாதிரி அல்ல. சாதாரண 48 அங்குல விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வோட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்று எழுதப்பட்டு வரும், தூரிகையற்ற நேரோட்ட மோட்டார் பொருத்திய விசிறி அதே காற்றை ஏறத்தாழ 30 வோட்டில் தரும்.

இனிக் கணக்குக்கு வருவோம். நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் ஓடினால், 75 வோட் விசிறி மாதத்துக்கு 22.5 அலகு, 30 வோட் விசிறி 9 அலகு. இரண்டு விசிறி உள்ள சிறிய வீட்டில் முன்னது 45, பின்னது 18. குளிர்சாதனப்பெட்டிக்கும் விளக்குகளுக்குமாக 40 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டின் மொத்தம் 85. மற்ற வீட்டினது 58. இந்த 58க்கும் 85க்கும் நடுவில்தான் 60 என்ற கோடு நிற்கிறது. நமது வீட்டு மின்கட்டண முறையில் 60 அலகுக்குள் நிற்பவருக்கு ஒரு பட்டியல். அதைத் தாண்டியவருக்கு முதலாவது அலகிலிருந்தே வேறொரு பட்டியல். கோட்டைத் தாண்டியவர் தாண்டிய அலகுகளுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. அந்த மாதம் முழுவதற்கும் கொடுக்கிறார்.

2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் குறைத்தார்கள்; மீண்டும் கூட்டினார்கள். அந்நாட்களில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இரவு பத்து மணிக்கு விசிறியை நிறுத்திவிட்டு, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு படுப்பார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத காலத்தில் பழகிய கை அது. அப்போது போர், பொறுத்துக்கொண்டோம். மின்சாரம் இருக்கும் கொழும்பில், தலைக்கு மேலே விசிறியும் தொங்க, ஒரு முதியவர் ஏன் கைவலிக்க விசிறவேண்டும்? அவருடைய அறையில் தொங்கியது வீட்டுக்காரர் ஆக மலிவாக வாங்கிப் பூட்டியது. விசிறியை வாங்கியவர் ஒருவர். பில்லைக் கட்டுபவர் வேறொருவர். சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வாங்கும்போது சில ஆயிரம் ரூபாயை மிச்சம்பிடித்தவர் அந்த மிச்சத்தைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார். அதற்கான வட்டியை மாதாமாதம் கட்டுபவர் குடியிருப்பவர். வாடகை ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிப்பதைக்கூடத் தடைசெய்து எழுதுகிறார்கள். விசிறியின் வோட்டையும் எழுதினால் என்ன?

அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. நெருக்கடி வரும்போதெல்லாம் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவியுங்கள் என்று மக்களுக்கு உபதேசிப்பது எளிது. எண் எழுதாத பண்டத்தைச் சந்தையில் விற்கவிட்டு, வாங்கியவனைச் சிக்கனமாக இரு என்பது நியாயமல்ல. இந்தியாவில் 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரியாதவரும் நட்சத்திரத்தை எண்ணலாம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் நீங்கள் கட்டும் வீடுகளைப் பார்க்கிறேன். கனடாவில் பார்த்துப் பழகிய விளக்குவைத்த விசிறியையே இங்கும் கேட்கிறீர்கள். அங்கே மாரியில் அதை எதிர்த்திசையில் சுழலவிட்டு, மேலே தேங்கிய வெப்பத்தைக் கீழே இறக்குவதற்கும் அது பயன்படுகிறது. இங்கே எதை இறக்குவது? மேலே தட்டையான கொங்கிறீட் கூரை. அதன் கீழே அழகுக்காகப் போலிக் கூரை. அதில் தண்டைக் குறைத்து விசிறியை ஒட்டவைக்கிறார்கள். இறகுகளுக்கு மேலே ஏறத்தாழ ஓர் அடி இடைவெளி இல்லாவிட்டால் விசிறிக்கு இழுக்கக் காற்றில்லை; தன் காற்றையே தான் சுற்றிக்கொண்டிருக்கும். தரையிலிருந்து இறகுக்கு ஏழடியாவது வேண்டும். எட்டோ ஒன்பதோ இருந்தால் நல்லது. அந்த வீட்டில் இருக்கப்போவது நீங்களல்ல, உங்கள் அம்மா.

பி.எல்.டி.சி. விசிறியில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. விலை அதிகம். சுவரில் உள்ள பழைய ரெகுலேற்றரை அதற்குப் பயன்படுத்தக்கூடாது. அதைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுக்கவேண்டும். இதை அறியாத மின்வேலைக்காரர் பழைய ரெகுலேற்றரோடு பூட்டிவிட்டுப் போனால் பழுது உங்களுடையது. பழைய விசிறி மெதுவாகச் சுழன்றால் ஒரு கப்பாசிற்றரை மாற்றினால் பெரும்பாலும் சரி. மோட்டார் எரிந்தாலும் கம்பி சுற்றித்தர ஊரில் ஆள் உண்டு. இதன் உள்ளே இருப்பது மின்னணுப் பலகை. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் வரும் நாட்டில் அது ஒரு நொடியில் போய்விடலாம். உதிரிப்பாகம் கிடைக்காத விசிறியை வாங்குவதைவிட நல்ல செப்புக்கம்பி சுற்றிய சாதாரண விசிறியை வாங்குவது மேல். நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் ஓடும் விருந்தினர் அறைக்கும் அதுவே போதும். ஆனால் வோல்ற்றளவு விழும் கிராமங்களில், மாலையில் மற்ற விசிறிகள் சோர்ந்துபோகும் நேரத்திலும் பி.எல்.டி.சி. வேகம் குறையாமல் ஓடும். படுக்கையறைக்கு அதைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

அச்சுக்கோத்த காலத்துப் பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியபீடத்துக்கு மேலே நீண்ட தண்டில் ஒரு கனத்த விசிறி தொங்கியது. அதன் கீழே ஈயக்கட்டி வைக்காமல் ஒரு தாளையும் மேசையில் விடமுடியாது. எத்தனை வோட் எடுத்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. பில்லை நிர்வாகம் கட்டியது.

கடைசியில் என் சொந்தப் பணத்தில் ஒன்றை வாங்கிப் பூட்டிக்கொண்டேன். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போவேன் என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவருடைய ஹோட்டல் விசிறி, நான்கு கண்ணாடிப் பூக்களும் உடையாமல், பெட்டியில் கட்டப்பட்டு என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. திரும்ப ஒப்படைக்கும்போது கீறல் இருக்கக்கூடாதாம்.