அரிப்புக்கு ஒரு டியூப்

சப்ரகமுவ தோட்டங்களில் மழைக்குக் குறைவில்லை. ஈரத்தில் நின்று கொழுந்து பறிப்பவர்களுக்கும், இறப்பர் பாலை உறைய வைக்கும் போமிக் அமிலத்தோடு வேலை செய்பவர்களுக்கும் படை, அரிப்பு, கரப்பான் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அவர்கள் முதலில் வருவது இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அல்ல, நம் கடைக்குத்தான். "முதலாளி, அரிப்புக்கு ஒரு டியூப் தாங்க!"

நானும் கொடுத்தவன்தான். கொப்பிக் கணக்கில் சாமான் வாங்கும் ஓர் அம்மா, இரண்டே நாளில் அரிப்பு நின்றதென்று சந்தோஷப்பட்டு, மாதாமாதம் அதே டியூபை வாங்கினார். இடுப்பில் சிறிதாக இருந்த படை வயிறு முழுக்கப் பரவிய பிறகே நான் டியூபில் எழுதியிருந்ததை வாசித்தேன்: குளோபெட்டசோல்.

அது மிக வலுவான ஸ்டீரொய்ட். மருந்தின் மீது குற்றமில்லை. எக்சிமா, சொரியாசிஸ் நோயாளிகளுக்கு வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் பூசினால் பெரும் ஆறுதல். ஆனால் அது அரிப்பையும் சிவப்பையும் அடக்குமே தவிர, படைக்குக் காரணமான பங்கசைக் கொல்லாது. அடையாளம் மறைய, நோய் பரவும். நீண்ட நாள் பூசினால் தோல் மெலியும், வரி விழும். பெயர் விலாசமில்லாத வெண்மைக் கிறீம்கள் சிலவற்றிலும் இதே சரக்கு ஒளிந்திருப்பதுண்டு.

இந்தியாவில் 2018இல் ஸ்டீரொய்ட் பூச்சு மருந்துகளை வைத்தியர் சீட்டின்றி விற்க முடியாதபடி விதியை இறுக்கினார்கள். நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாத கடையில் மருந்து விற்க முடியாது.

"கிளினிக் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே" என்பார்கள். உண்மைதான். ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை. ஆறு மாதம் டியூப் வாங்கிய காசையும் கூட்டிப் பாருங்கள்.

வியாபாரிகளே, சில்லறைக்கடை வைத்திருப்போர் அந்த டியூபை இன்றே ராக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். பாமசி வைத்திருப்போர் சீட்டைக் கேளுங்கள். நான் எடுத்துவிட்டேன். ஒரு டியூபில் கிடைப்பது சில ரூபாய் இலாபம். அரிசி, மா, சீனி என்று வருடக்கணக்காக நம்மை நம்பி வாங்கும் குடும்பத்தை அதற்காக இழப்பது எந்தக் கணக்கில் சேரும்?